பிள்ளைகளின் பாட்டுக்கும் அலமாரியில் இடம் கொடுங்கள்

நூலகம்: கேள்வி – பதில்

பள்ளி நூலகங்களிலும் ஊர் நூலகங்களிலும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்று ஒரு பாட்டு அலமாரி இருக்க வேண்டும் என்று போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை முழுக்க.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் 15,000 ரூபாய் கொடுத்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இசை ஆல்பங்கள் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாப் பாட்டும் செல்போனில் கிடைக்கும்போது ஆல்பம் எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்கிறார். வாங்குவதென்றால் எதை வாங்குவது? எனக்குச் சினிமாப் பாட்டு தவிர வேறெதுவும் தெரியாது அம்மா.
— பள்ளி நூலகர், மன்னார்குடி

பதில்: தலைமையாசிரியரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செல்போனில் பாட்டு ஓடும்போது பிள்ளைகளுக்குத் தெரிவது கதாநாயகன் முகமும், எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும். எழுதியது யார், குழல் வாசித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். ‘பம்பாய்’ படத்தின் தீம் இசையைத் தெரியாத பிள்ளை இல்லை. அதில் புல்லாங்குழல் வாசித்தவர் நவீன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஏ.ஆர். ரஹ்மானின் சிடிக்களில் உள்ளே மடித்து வைத்திருக்கும் சின்னப் புத்தகத்தில் வாத்தியக்காரர்கள் பெயர்கூட அச்சாகியிருக்கும். பொடி எழுத்துதான், லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒருமுறை படித்த பிள்ளை அடுத்த ஆல்பத்திலும் அந்தப் பெயரைத் தேடும். புத்தகத்துக்கு ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாளர் என்று ஒருவர் விடாமல் நூலகப் பட்டியல் அட்டையில் எழுதும் நாம், பாட்டு விஷயத்தில் மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்? பள்ளியில் இந்த வேலையைச் செய்ய நூலகரை விட்டால் வேறு ஆள் இல்லை.

சரி, எதை வாங்குவது? கடைக்காரரிடம் பட்டியல் கேட்பதற்கு முன்னால் பிள்ளைகளைக் கேளுங்கள். நூலக வாசலில் ஒரு பெட்டி வைத்து, பிடித்த ஆல்பமோ பாடகரோ மூன்று பெயர்களைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். எழுதியவர் பெயர் வேண்டாம். பெயர் கேட்டால், டீச்சருக்குப் பிடிக்கும் என்று நினைப்பதைத்தான் எழுதுவார்கள். அந்தச் சீட்டுகளில் வருவதில் பாதியாவது அலமாரியில் ஏற வேண்டும். உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. சீர்காழியில் பிறந்த நம் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம் என்பது. பாட்டு கேட்க வருகிற பிள்ளைக்கும் அது பொருந்தும்.

மீதிப் பாதியை நீங்கள் தேர்ந்தெடுங்கள். ஆனால் அவர்கள் எழுதியதிலிருந்து ஓரடி தள்ளி இருப்பதாகப் பாருங்கள். மன்னார்குடிப் பையன்களின் சீட்டில் தமிழ் ராப் கட்டாயம் வரும். அப்படி வந்தால் மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ (2006) எங்கே கிடைத்தாலும் வாங்கிவிடுங்கள். அதில் வரும் ‘மடை திறந்து’, 1980-ல் ‘நிழல்கள்’ படத்துக்காக இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாட்டிலிருந்து பிறந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நான் நூலகத்தில் வேலை பார்த்தபோது பத்தாம் வகுப்புப் பையன்கள் இருவரை உட்கார வைத்து ராப்பை முதலில் போட்டேன், தாளம் தட்டிக்கொண்டே கேட்டார்கள். அப்புறம் பழைய பாட்டைப் போட்டேன். பல்லவி தொடங்கியதும் ஒருவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “இதுதான் ஒரிஜினலா? எங்க தாத்தா செட்ல இது ஓடும்” என்றான். அதே ‘நிழல்கள்’ ஆல்பத்தில்தான் வைரமுத்துவின் முதல் சினிமாப் பாட்டான ‘பொன்மாலைப் பொழுது’ம் இருக்கிறது. அன்று அவர்கள் அதையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். ஒரு ராப் ஆல்பத்திலிருந்து ஒரே மாலையில் இவ்வளவு தூரம் போக முடிகிறது.

ராப் கேட்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு பக்கமும் வழி இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி செய்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானா, ராப், ராக் மூன்றையும் சேர்த்துப் பாடுகிறது. சாதியற்ற தமிழர் என்று சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதிலிருந்துதான் அந்தப் பெயரையே எடுத்தார்கள். உங்கள் நூலகத்தில் அயோத்திதாசர் எழுத்துகளின் தொகுதி இருந்தால், பாட்டு அலமாரியில் ஒரு சீட்டு ஒட்டி அது எந்த வரிசையில் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள்.

சினிமாவுக்கு வெளியே வந்த ஆல்பங்களை மறக்காதீர்கள். தமிழில் ஜனரஞ்சக இசை என்றாலே சினிமா என்று ஆகிவிட்டது. பாட்டு என்றால் ஒரு கதாநாயகன் வாயசைப்பது என்றே பிள்ளைகள் வளர்கிறார்கள். அதனால் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்காவது சினிமா அல்லாததாக இருக்கட்டும். ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் சேர்ந்து செய்த ‘கலோனியல் கசின்ஸ்’ (1996), சுதந்திரப் பொன்விழா ஆண்டில் வந்த ரஹ்மானின் ‘வந்தே மாதரம்’ (1997) இரண்டும் இன்றைக்கும் அலுக்காதவை.

எனக்கு மிகப் பிடித்தது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986). தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாகச் செய்த வாத்திய இசை. வயலின் வி.எஸ். நரசிம்மன். மன்னார்குடியிலிருந்து திருவையாறு எவ்வளவு தூரம்? ஆராதனைக்குப் போய் வந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். தியாகராஜரையும் பாக்கையும் ஒருவர் ஒரே வீட்டில் சந்திக்க வைத்திருக்கிறார் என்று சொல்லி, ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற இசைத்துண்டைப் போட்டுக் காட்டுங்கள். பாட்டு வரியே கிடையாது, பொறுமையாகக் கேட்பார்களா என்று சந்தேகப்பட வேண்டாம். வயலின்கள் ஒன்றையொன்று துரத்துகிற வேகத்தில் கிரிக்கெட் பேச்சுகூட நின்றுவிடும். இளையராஜாவின் ‘திருவாசகம்’ (2005) இன்னொரு வாசல். தமிழ்ப் பாடத்தில் மனப்பாடச் செய்யுளாகப் படித்த மாணிக்கவாசகரை புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு கேட்கலாம். இடையில் வரும் ஆங்கில வரிகள் அமெரிக்க நாடகப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதியவை. தமிழாசிரியரையும் ஆங்கில ஆசிரியரையும் ஒரே நேரத்தில் நூலகத்துக்கு வரவழைக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

வெளிநாட்டு ஆல்பங்களில் நிறைய வாங்க வேண்டாம். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ (1982), பாப் மார்லி இறந்து மூன்று ஆண்டு கழித்து வந்த ‘லெஜெண்ட்’ (1984) தொகுப்பு, பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ (1967) இந்த மூன்றில் தொடங்கலாம். கடைசியாகச் சொன்னதில் அந்தக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் இந்திய வாத்தியங்களோடு பாடியது ஒன்று இருக்கிறது. ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொண்ட பழக்கத்தில் வந்தது அது. நம் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

‘ஒரே சிடியில் 150 பாட்டு’ என்று பேருந்து நிலையத்தில் விற்பதைத் தொடவே தொடாதீர்கள். அது திருட்டுப் பிரதி என்பது ஒன்று. அதில் யார் பெயரும் இருக்காது என்பது இன்னொன்று. காதல் பாட்டுத் தொகுப்பு, சோகப் பாட்டுத் தொகுப்பு என்று முறையாக வருவதும் இந்த அலமாரிக்கு வேண்டாம். ஓர் இசையமைப்பாளர் எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டை வைத்தார் என்பது அதில் அடிபட்டுப் போகிறது.

பணத்தை ஒரே மூச்சில் செலவழிக்காதீர்கள். பாதிக்கு இப்போது வாங்குங்கள். மீதியை அடுத்த பருவத்தில், எது அதிகம் இரவல் போனது என்று பதிவேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். புதிய ஆல்பங்கள் பல சிடியாகவே வருவதில்லை. அவற்றுக்கு ஒரு கெட்டி அட்டை போதும். மேலே ஆல்பத்தின் பெயரும் ஆண்டும், கீழே இசை, வரிகள், பாடியவர்கள், முக்கியமான வாத்தியக்காரர்கள், பாட்டுகளின் வரிசை. கடைசி வரியில் ‘அடுத்து இதைக் கேள்’ என்று உங்கள் அலமாரியிலிருந்தே ஒரு பெயர். அட்டையை எடுத்துப் போகிற பிள்ளை நூலகக் கணினியில் ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பக்கத்திலேயே கேட்டுக்கொள்ளட்டும். இந்த அட்டைகளைப் பிள்ளைகளையே எழுத வையுங்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துவிடுவீர்கள், அது உங்களுக்குக் கைவந்த கலை.

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். நூலகத்திலிருந்து எம்.ஐ.ஏ. என்ற பாடகியின் ஆங்கில ஆல்பம் ஒன்றை எடுத்து வந்திருக்கிறாள். உறையில் பெற்றோருக்கு எச்சரிக்கை என்று கறுப்பு வெள்ளையில் அச்சடித்திருக்கிறது. எச்சரிக்கை போட்டதை நூலகத்தில் எப்படி வைக்கலாம்?
— ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் கவலை நியாயமானது. அந்த லேபிளே உங்களைப் போன்ற ஒரு தாயின் கவலையில் பிறந்ததுதான். அமெரிக்காவில் செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர், தன் மகள் கேட்ட பிரின்ஸ் என்ற பாடகரின் ஆல்பத்தில் ஒரு பாட்டின் வரிகளைக் கேட்டு அதிர்ந்துபோனார். 1985-ல் மற்ற சில பெண்களோடு சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த செப்டம்பரில் செனட் விசாரணையே நடந்தது. ஃபிராங்க் ஜாப்பா, ஜான் டென்வர் போன்ற இசைக்கலைஞர்கள் நேரில் போய் எதிர்த்துப் பேசினார்கள். கடைசியில் இசைத்தட்டு நிறுவனங்கள் தாமாகவே லேபிள் ஒட்ட ஒப்புக்கொண்டன. 1990-லிருந்து அது நீங்கள் பார்த்த கறுப்பு வெள்ளை வடிவத்துக்கு வந்தது. ஆக, அது சட்டம் போட்ட தடை முத்திரை இல்லை. கொச்சையான சொற்கள் இருக்கின்றன, பெற்றோர் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற அறிவிப்பு. ஆல்பம் நல்லதா, கெட்டதா என்பதற்கு அந்த லேபிளில் பதில் கிடையாது. அமெரிக்க ராப் பாடகர் கெண்ட்ரிக் லமாரின் ‘டேம்’ ஆல்பத்திலும் இதே லேபிள் உண்டு. 2018-ல் இசைக்கான புலிட்சர் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. சாஸ்திரிய இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுதான் முதல் தடவை.

உங்கள் மகள் எடுத்து வந்தவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எம்.ஐ.ஏ. ஈழத்துத் தமிழ்ப் பெற்றோரின் மகள், இலங்கையிலும் லண்டனிலும் வளர்ந்தவர். முதல் ஆல்பம் ‘அருளர்’ (2005), அப்பாவின் பெயர். அடுத்தது ‘கலா’ (2007), அம்மாவின் பெயர். ‘கலா’வின் ஒரு பகுதி சென்னையில் பதிவானது. அதில் உறுமி மேளம் அடிக்கிறது. நம் ஊர்க் கோயில் கொடையில் கேட்கும் அதே உறுமி. உங்கள் மகள் எங்கோ தொலைவில் இருப்பதாக நினைத்து எடுத்தது பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நீங்களும் அவளோடு உட்கார்ந்து ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். பிடிக்காத வரி வந்தால் ஏன் பிடிக்கவில்லை என்று அவளிடமே சொல்லுங்கள். அதைக் கேட்க அவளுக்கு வயது வந்துவிட்டது.

நூலகருக்கு நான் சொல்வது இது: பள்ளி நூலகமும் பொது நூலகமும் ஒன்றல்ல. பள்ளியில் வயதைப் பார்க்கத்தான் வேண்டும். லேபிள் உள்ள ஆல்பங்களுக்குக் கொச்சைச் சொற்களை நீக்கிய பதிப்பு தனியாக வருவது உண்டு, அதை வாங்கலாம். அல்லது பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மட்டும் தரலாம். ஆனால் கேட்காமலே, உறையைப் பார்த்து மட்டும் ஒதுக்குவது முறையில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் உண்டு, பாட்டு ஆல்பத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று பாடுகிற பாட்டுகள், ஏமாற்றிவிட்டாள் என்று ஊர் கூட்டி ஏசுகிற பாட்டுகள், எந்த லேபிளும் இல்லாமல் கல்யாண வீட்டில் ஒலிபெருக்கியில் ஓடுகின்றன. எட்டு வயதுப் பிள்ளைகள் அதற்கு ஆடுகிறார்கள். ஓர் ஆங்கிலக் கெட்ட வார்த்தையை விட எனக்கு இவைதான் அதிகக் கவலை தருகின்றன. ஆல்பம் தேர்ந்தெடுக்கும்போது நான் காது கொடுத்துக் கேட்டது இதைத்தான்: இந்தப் பாட்டில் பெண் ஓர் ஆளாக இருக்கிறாளா, வெறும் துரத்தப்படும் பொருளாக இருக்கிறாளா? உங்கள் மகள் எடுத்து வந்த ஆல்பத்தில் பெண் தன் குரலில் தானே பேசுகிறாள்.

கேள்வி: எங்கள் கிராமத்தில் நன்கொடையில் நடத்தும் சிறிய நூலகம். சிடிக்களை இரவல் கொடுக்கலாமா? பிள்ளைகள் கேட்டால் பென் டிரைவில் ஏற்றித் தரலாமா?
— தன்னார்வலர், திருப்பத்தூர்

பதில்: இரவல் தாராளமாகக் கொடுக்கலாம். காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் கொண்டுவந்த திருத்தம், லாப நோக்கமில்லாத நூலகமும் கல்வி நிறுவனமும் முறையாக வாங்கிய ஒலிப்பதிவை லாபமில்லாமல் இரவல் தருவதை வணிக வாடகையாகக் கருதாது. பென் டிரைவில் ஏற்றித் தராதீர்கள், அது பிரதி எடுத்து வினியோகிப்பது. உங்களிடம் இருக்கும் பழைய கேசட் பூஞ்சை பிடித்து அழியப்போகிறது என்றால், வணிக நோக்கமில்லாத பொது நூலகம் பாதுகாப்புக்காக அதை டிஜிட்டலில் சேமித்து வைக்க அதே சட்டத்தில் இடமிருக்கிறது. அது உங்கள் நூலகத்துக்குள் இருக்க வேண்டிய பிரதி.

கேள்வி: எங்கள் லைப்ரரி மேடம் கே-பாப் (கொரிய பாப் இசை) வாங்க மாட்டேன் என்கிறார். அது வெறும் மேக்கப், அதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார். நான் பி.டி.எஸ். ரசிகை. நீங்களாவது சொல்லுங்கள் ஆன்ட்டி.
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோவை

பதில்: மேடமுக்கு நான் சொல்வதை விட நீ சொன்னால் நன்றாக இருக்கும் கண்ணு. ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுது. எழுத வேண்டியதை நான் தருகிறேன்.

தென்கொரியக் குழுவான பி.டி.எஸ்.ஸின் ‘விங்ஸ்’ (2016) ஆல்பம் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘டெமியான்’ நாவலை வைத்து உருவானது. ஒரு பையன் தன் வீட்டின் பாதுகாப்பான உலகத்திலிருந்து வெளியே வந்து தன்னைக் கண்டுபிடிக்கிற கதை. உன் வயதுக்குச் சரியான புத்தகம். ‘மேப் ஆஃப் தி சோல்: பெர்சோனா’ (2019) என்ற தலைப்பே, உளவியல் அறிஞர் கார்ல் யுங்கின் கருத்துகளை விளக்கி மர்ரே ஸ்டெய்ன் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. வெளியில் காட்டுகிற முகம் வேறு, உள்ளே இருக்கிற நான் வேறு என்பதைப் பற்றிய பாட்டுகள். 2018 மே மாதத்தில் வந்த ‘லவ் யுவர்செல்ஃப்: டியர்’ (Tear, கண்ணீர்), அமெரிக்காவின் பில்போர்ட் 200 என்ற ஆல்பத் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கொரிய ஆல்பம். ஆங்கிலத்தில் பாடாமலே உலகத்தின் காதைத் திருப்பியிருக்கிறார்கள். தமிழில் பாடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! ‘டெமியான்’ ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கும், ஆல்பத்தோடு சேர்த்து அதையும் வாங்கச் சொல். நீயே முதல் ஆளாக எடுத்துப் படித்துவிட்டு, பாட்டையும் கதையையும் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேசுகிறேன் என்று கடைசி வரியில் எழுது. இப்படி ஒரு விண்ணப்பத்தை மறுக்கிற நூலகரை நான் பார்த்ததில்லை.

மேடமுக்கு ஒரு வார்த்தை. கே-பாப் சிடியோடு புகைப்பட அட்டைகள் வரும், அவை முதல் வாரத்திலேயே காணாமல் போகும். அவற்றை எடுத்து உறையில் போட்டு உங்கள் மேசையில் வைத்துக்கொண்டு, ஆல்பத்தை மட்டும் இரவல் கொடுங்கள்.

கேள்வி: சினிமா ஆல்பத்தை யார் பெயரில் பதிவு செய்வது? இசையமைப்பாளரா, இயக்குநரா, பாடகரா? சிடியில் எண் ஒட்டியதும் சில தட்டுகள் ஓடவில்லை.
— நூலகர், ஈரோடு

பதில்: பிள்ளைகள் படத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள், அதனால் தலைப்பு படத்தின் பெயரில் இருக்கட்டும். இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர்கள் ஒவ்வொருவருக்கும் துணைப் பதிவு போடுங்கள். ‘ரோஜா’ (1992) என்றால் ரஹ்மானுக்கு ஒன்று, வைரமுத்துவுக்கு ஒன்று, மின்மினிக்கு ஒன்று. அலுப்புப் படாமல் செய்தால், மின்மினி பாடியது வேறென்ன இருக்கிறது என்று கேட்டு வருகிற பிள்ளைக்கு உடனே எடுத்துக் கொடுக்கலாம். எண் கொடுத்து வகைப்படுத்தும் டியூயி முறையில் திரையிசைக்கு 781.542 என்ற எண். ஆனால் எண்ணைப் பெரிதாக எழுதி, படத்தின் பெயரை அதன் கீழே மறைத்துவிடாதீர்கள்.

சிடியின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. தட்டு சுழலும்போது எடை ஒரு பக்கம் இழுத்துவிடும். பேனாவால் எழுதுவதும் வேண்டாம். படம் அச்சடித்த பக்கத்துக்கு அடியில்தான் பதிவு இருக்கிறது, மேலே மெல்லிய பூச்சு மட்டுமே. கீழ்ப்பக்கக் கீறலை விட மேல்பக்கக் கீறல் மோசம். நடுவில் இருக்கும் கண்ணாடி போன்ற வளையத்தில், சிடிக்கென்று விற்கிற மார்க்கரால் பொடியாக எண் எழுதலாம். பெரிய எண்ணைப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். ஏற்கனவே ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள், பூச்சும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். ஓடுகிறவரை ஓடட்டும், அந்த ஆல்பத்துக்கு இப்போதே இன்னொரு பிரதி தேடத் தொடங்குங்கள்.